ஊர் ஊராய்க் குடித்தனம்

வீட்டுக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது நாற்காலியின் படத்தை. கடல் தெரியும் பால்கனியும் வெள்ளை வெளேரென்ற மெத்தையும் ஜன்னலோரத் தொட்டிச்செடியும் விளம்பரத்திலேயே இருக்கும். நாற்காலி மட்டும் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும். சாப்பாட்டு மேசைக்குப் போடுகிற மரநாற்காலி என்றால் இரண்டே வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்புறம் கடல் தெரிந்தாலென்ன, தெரியாவிட்டாலென்ன! அடுத்த கேள்வி, ரௌட்டர் எந்த அறையில் இருக்கிறது, அதற்கும் மேசைக்கும் நடுவே எத்தனை சுவர்? இணைய வேகத்தைச் சோதித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்பேன். டவுன்லோடு வேகத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். மீட்டிங் நடுவில் என் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்காமலிருக்க எனக்கு வேண்டியது அப்லோடு வேகம். கடைசிக் கேள்விக்குத்தான் சிலர் பதிலே போடமாட்டார்கள்: பக்கத்து மனையில் கட்டட வேலை ஏதாவது நடக்கிறதா?

நான் டெக்னிக்கல் ரைட்டர். மென்பொருள் நிறுவனங்களுக்குப் பயனர் கையேடு எழுதிக் கொடுக்கிறேன். மிக்ஸி வாங்கினால் உள்ளே ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, யாரும் படிக்காமல் அட்டைப்பெட்டியோடு பரணில் போட்டுவிடுவார்களே, அதை எழுதுகிறவள் என்று அம்மாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். கிளையன்ட் நியூயார்க்கில். பொறியாளர்கள் பாதிப்பேர் பெர்லினில், மீதிப்பேர் புனேயில். நான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவர்கள் யாருக்கும் பொருட்டில்லை. மீட்டிங்குக்கு நேரத்துக்கு வந்து, சொன்ன தேதியில் வேலையைக் கொடுத்தால் சரி. இந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் பாதி, வெளிநாட்டில் பாதி என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

சொந்தக்காரர்கள் ‘உலகம் சுத்துறா’ என்கிறார்கள். உலகம் சுற்றுகிறவர்கள் வேறு ஜாதி. நான் ஓர் ஊரில் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு, அந்த ஊரின் பேர்போன அருங்காட்சியகத்துக்குள் கால் வைக்காமலே கிளம்பி வந்திருக்கிறேன். ஆனால் எந்தக் கடையில் கீரை காலையில் வரும், குப்பை வண்டி என்றைக்கு, கேஸ் பில்லை எந்த இயந்திரத்தில் கட்டுவது, கீழ்வீட்டுத் தாத்தாவுக்கு எந்நேரம் சத்தம் ஆகாது என்பதெல்லாம் அத்துப்படி. இது குடித்தனம். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு லேப்டாப் பை, கொஞ்சம் பெருங்காயம்.

இந்தப் பிழைப்புக்கு ‘டிஜிட்டல் நோமாட்’ என்று பெயர் வைத்து, ஜப்பானியரான ட்சுகியோ மகிமோட்டோவும் ஆங்கிலேயப் பத்திரிகையாளர் டேவிட் மேனர்ஸும் 1997-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார்கள். அரசாங்கங்கள் விழித்துக்கொள்ள இன்னும் 23 ஆண்டுகளும் ஒரு கொள்ளைநோயும் தேவைப்பட்டன. சுற்றுலா விசாவில் வந்தவர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து வேறு நாட்டு முதலாளிக்கு வேலை செய்தால் அது வேலையா, விடுமுறையா? பல நாட்டுச் சட்டங்கள் இதற்கு வாயைத் திறக்கவில்லை. கேட்டால் அதிகாரிக்கு அதிகாரி பதில் மாறும். 2020-இல் விமானங்கள் நின்று ஓட்டல்கள் காலியானபோது பார்படாஸ் ஒரு விசாவை அறிவித்தது: ஆண்டு வருமானம் 50,000 டாலர் என்று காட்டி 2,000 டாலர் கட்டினால் 12 மாதம் வந்து இரு, உன் வேலையை நீ பார். அதே ஆண்டு எஸ்தோனியாவும் ஆரம்பித்தது. 2022-இல் மலேசியா ‘டிஇ ரந்தாவ்’ என்ற விசாவைக் கொண்டுவந்தது. கணினித் துறைக்காரர் ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் போதும் என்றது. 2024-இல் தாய்லாந்தின் முறை: வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பு காட்டினால் ஐந்தாண்டு விசா, ஒரு தடவை வந்தால் 180 நாள் தங்கலாம்.

விளம்பரத்தைப் பார்த்தால் உலகமே வாசலில் கோலம் போட்டுக் காத்திருப்பது போலத் தோன்றும். கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கதை வேறு. ஜெர்மானிய நண்பர் வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டுச் சனிக்கிழமை பறக்கிறார். எனக்கு அதே ஊருக்கு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, வங்கி முத்திரை குத்திய ஸ்டேட்மென்ட், கிளையன்ட் கடிதம், தங்குமிட முன்பதிவு, திரும்பி வரும் டிக்கெட், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, இத்தனையோடு ஏன் போகிறேன் என்று நானே விளக்குகிற ஒரு கடிதமும் வேண்டும். கையேடு எழுதுகிறவள் என்பதால் அந்தக் கடிதம் மட்டும் நன்றாக வரும். கோப்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். மாதா மாதம் ஸ்டேட்மென்ட் மாற்றுவேன்.

இந்தக் கோப்பை விடப் பெரிய சொத்து, ஒருமுறை கிளையன்ட் அலுவலகக் கூட்டத்துக்காக வாங்கிய அமெரிக்க விசா. அமெரிக்காவுக்குப் போகாவிட்டாலும் அது மற்ற கதவுகளைத் திறக்கும். மெக்சிகோ தனி விசா கேட்காது. ஜார்ஜியா பல நாட்டவரை ஓராண்டுவரை விசா இல்லாமல் தங்க விடுகிறது. அந்தப் பட்டியலில் நாம் இல்லை. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா ஒட்டிய பாஸ்போர்ட் என்றால் 180 நாளில் 90 நாள் இருந்துகொள்ளலாம். மூன்றாம் மனிதர் தந்த நற்சான்றிதழுக்குத்தான் மதிப்பு. இதில் கோபப்பட்டுக் கோபப்பட்டு அலுத்துவிட்டது. விதி மாறுகிறதா என்று கிளம்புமுன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வதோடு சரி.

விசாவுக்கு அடுத்தது கடிகாரம். ஊரைத் தேர்ந்தெடுப்பது நானில்லை, நியூயார்க்கின் காலை 10 மணி. அன்றாட மீட்டிங் அப்போதுதான். பாளையங்கோட்டையில் இருந்தால் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. தாய்லாந்தின் சியாங் மாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே, ஆகவே இரவு ஒன்பது அல்லது பத்து. மலேசியாவின் பினாங்கில் பத்து அல்லது பதினொன்று. ஜார்ஜியாவின் திபிலிசியோ நமக்கு ஒன்றரை மணி பின்னே. மாலை ஆறு, மிஞ்சினால் ஏழு. காலை முழுக்க எழுதலாம், மதியம் நடக்கலாம், மீட்டிங் முடித்து மனிதர்கள் சாப்பிடும் நேரத்தில் சாப்பிடலாம். ஜார்ஜியாமேல் எனக்கு வந்த காதலில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

மார்ச் வந்தால் தலைவலி. அமெரிக்கர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறார்கள். ஐரோப்பியர்கள் மார்ச் கடைசி ஞாயிறு மாற்றுகிறார்கள். நடுவிலுள்ள இரண்டு மூன்று வாரம் நியூயார்க்கின் பத்து மணி பெர்லினில் வழக்கமான நாலுக்குப் பதில் மூன்று. புனேயும் திபிலிசியும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அந்த வாரங்களில் யாராவது ஒருவர் காலியான மீட்டிங்கில் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் நாள்காட்டியில் எல்லாவற்றையும் நியூயார்க் நேரத்தில்தான் பதிவேன்; உள்ளூர் நேரத்தை போன் பார்த்துக்கொள்ளும்.

திபிலிசியில் நான் இருந்தது சபுர்தாலோ பகுதியில், சோவியத் காலத்து அடுக்குமாடி ஒன்றின் ஏழாம் தளம். லிஃப்டுக்குள் ஓர் உண்டியல். சில்லறை போட்டால்தான் மேலே ஏறும், இறங்குவதற்கு இலவசம். சில்லறை இல்லாத நாளில் அரிசி மூட்டையோடு ஏழு மாடி. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். ஜார்ஜியமும் ரஷ்யமும் தெரியும், ஆங்கிலம் தெரியாது. போனில் மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் மாறி மாறி அதனிடம் பேசுவோம். வாடகைப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஹீட்டர் பாடம் ஒரு மணி நேரம் நடந்தது.

சுவரில் பதித்த கேஸ் ஹீட்டர் அது. கர்மா என்பார்கள், சிரிக்கக் கூடாது. அந்த அம்மா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். திருகை அழுத்திப் பிடித்துத் தீப்பொறித் தட்டைத் தட்டினார். கண்ணாடித் துளைக்குள் நீலமாக ஒரு சின்னச் சுடர் வந்தது. கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. விரலை மடக்கி மடக்கி இருபது வரை எண்ணி, அப்புறம்தான் விட்டார். சுடர் நின்றது. அணைத்துவிட்டு, ‘இப்போது நீ’ என்று சைகை காட்டினார். நான் பதினைந்தில் விட, சுடர் அணைந்தது. முட்டியில் ஒரு தட்டு விழுந்தது. மறுபடியும். பிறகு பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய், சுவருக்கு வெளியே நீட்டியிருக்கும் புகைக்குழாயின் வாயருகில் என் உள்ளங்கையைப் பிடித்துவைத்தார். சூடான காற்று வருகிறதா? வந்தால் சரி. வராவிட்டால் உள்ளே இருக்காதே, அணைத்துவிட்டு வெளியே ஓடு. ஓடுவதையும் நடித்துக் காட்டினார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அந்தக் குளிர்காலத்திலிருந்து என் பெட்டியில் உள்ளங்கையளவு கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. கேமரா வைத்திருந்த இடம் அதற்குப் போய்விட்டது.

அதே ஹீட்டர்தான் எனக்கு இட்லி கொடுத்தது. திபிலிசியில் மருத்துவம் படிக்கும் இந்திய மாணவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே பலசரக்குக் கடைகள் வந்துவிட்டன. உளுந்து, சாம்பார் பொடி, அப்பளம் எல்லாம் கிடைக்கும். அங்கே பழக்கமான நாகர்கோவில் பையன் ஒருவன்தான் சொன்னான்: “அக்கா, மாவ ஹீட்டர் பக்கத்துல வைங்க. ஒட்டி வைக்காதீங்க, ஓரம் வெந்துரும். ரெண்டடி தள்ளி, மேல ஒரு துண்டு போட்டு.” வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த இரவில் மாவு பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டி வழிந்திருந்தது. அதைப் போனில் பார்த்த என் அம்மாவுக்கு ஏற்பட்ட சந்தோஷம், நான் காகசஸ் மலையைக் காட்டியபோது ஏற்படவில்லை.

சைவச் சாப்பாடு பற்றிப் பலர் பயந்துகொண்டே கேட்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் விரதம் இருக்கிறவர்கள் யார் என்று கண்டுபிடித்தால் போதும், அவர்கள் சாப்பிடும் இடத்தில் நமக்கும் சோறு உண்டு. ஜார்ஜியாவில் ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. ‘சமர்க்வோ’ என்று கேட்டால் ஓட்டலில் தனிப் பட்டியலே நீட்டுவார்கள். மண்சட்டியில் வெந்த காராமணிக் குழம்பு போன்ற லோபியோ, அக்ரூட் அரைத்துத் தடவிச் சுருட்டிய கத்தரிக்காய், கீரையையும் அக்ரூட்டையும் சேர்த்துப் பிடித்த உருண்டை. கொத்தமல்லி இல்லாமல் அவர்களுக்குக் கை ஓடாது. தாய்லாந்தில் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தோடு ஒரு சின்னக் கொடி பறந்தால் அது ‘ஜே’ கடை. மீன் சாறுகூடச் சேர்க்கமாட்டார்கள். வியட்நாமில் ‘சாய்’ என்று எழுதியிருக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், நம் அமாவாசை பௌர்ணமி மாதிரி, சாதாரணக் கடைகள்கூடச் சைவம் சமைக்கும். பையிலுள்ள பெருங்காயம் நானே சமைக்கும் நாட்களுக்கு.

இணையம், மின்சாரம், சாப்பாடு எல்லாம் ஒழுங்காக இருந்தும் இந்தியர்களை மட்டும் படுத்துகிற ஒன்று உண்டு, ஓடிபி. நம் வங்கிக்கணக்கு, வருமான வரி, ஆதார், காப்பீடு எல்லாம் ஓர் இந்திய செல்பேசி எண்ணில் தொங்குகின்றன. அந்த எண் வெளிநாட்டில் சிக்னல் பிடிக்க வேண்டும், சர்வதேச ரோமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும். பிரீபெய்டு என்றால் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண்ணே கைவிட்டுப் போகலாம். போய்விட்டால் நேரில் வந்துதான் மீட்க வேண்டும். ஆரம்ப காலத்தில் வங்கி எண் இருந்த சிம்மை ஒரு பழைய போனில் போட்டு வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். பாதுகாப்பு அதிகாரி அம்மா.

“ஓடிபி வந்திருக்கா பாரும்மா.”

“இரு, கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்.”

“சீக்கிரம், மூணு நிமிஷம்தான்.”

“ஏதோ நம்பர் வந்திருக்கு. உங்க மின்கட்டணம்னு போட்டிருக்கே.”

“அது இல்லம்மா, அதுக்கு மேல.”

“மேலயா, கீழயா? நாலு, ஏழு, சைபர்... ஏட்டி, இத யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கான். ஒங்கிட்ட சொல்லலாமா?”

அதற்குள் நேரம் முடிந்து, பக்கம் மூடிக்கொண்டிருக்கும். இப்போது இரண்டு வங்கி, இரண்டு நிறுவனங்களின் எண்கள், இரண்டும் என் போனிலேயே. உள்ளூர் டேட்டாவுக்கு இசிம் தனி. சிம் தேவைப்படாத அங்கீகாரச் செயலியை அனுமதிக்கிற கணக்குகளையெல்லாம் அதற்கு மாற்றியாகிவிட்டது. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வரி விஷயம் சலிப்பூட்டும், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. இந்தத் தொழிலில் இறங்குகிற பலரும் ஆடிட்டரிடம் கடைசியாகத்தான் வருகிறார்கள். எங்கள் ஆடிட்டர் அண்ணாச்சி ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “ஏம்மா, வருசத்துல எத்தன நாளு நம்ம நாட்டுல கெடந்த?” நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் வரிக்கு நாம் இந்தியாவில் குடியிருப்பவர்; உலகத்தில் எங்கே சம்பாதித்ததும் இங்கே கணக்கில் வரும். அதற்குக் குறைந்தால் முந்தைய ஆண்டுகளையும் பார்த்துச் சொல்லும் உட்பிரிவுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் பல நாடுகள் 183 நாள் தாண்டினால் எங்களுக்கு வரி கட்டு என்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நான் நடக்கிறேன். பல விமான நிலையங்களில் தானியங்கி வாயில் வந்து பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவதே குறைந்துவிட்டதால், போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். டாலர் வந்து இறங்கும்போது வங்கி கேட்கும் நோக்கக் குறியீட்டைச் சரியாகப் போட்டு, அந்நியச் செலாவணி வந்ததற்கான சான்றையும் வாங்கி அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுவேன். எங்குமே குடியிருப்பவர் ஆகாமல் எங்குமே வரி கட்டாமல் இருக்கலாம் என்று வகுப்பு எடுக்கிறவர்கள் இந்த உலகத்தில் நிறைய. அவர்களைக் கண்டால் நான் மேசை மாற்றி உட்காருவேன்.

சியாங் மாய் இந்தத் தொழில்காரர்களின் தலைநகரம் மாதிரி. நிம்மான்ஹேமின் சாலையில் ஒரு காபிக் கடைக்குள் நுழைந்தால் வரிசையாக லேப்டாப்புகள்தான். அங்கே நான் கடையில் வேலை செய்ததில்லை. ஒரு காபிக்கு நாலு மணி நேரம் நாற்காலியைப் பிடித்துவைப்பது எனக்குக் கூசும், தவிர மீட்டிங்கில் பால் நுரைக்கும் இயந்திரம் என்னை விட அதிகமாகப் பேசும். கூட்டு அலுவலகத்தில் மாதச் சந்தா கட்டிவிடுவேன். தாய்லாந்தில் வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், ‘டிஎம் 30’ படிவம். வீடு பேசும்போதே இதைப் போடுவீர்களா என்று கேட்பேன். தயங்கினால் வேறு வீடு பார்ப்பேன். பிறகு விசா நீட்டிக்கப் போகும்போது அந்தத் தாள் இல்லாமல் நிற்கப்போவது அவரில்லை.

அங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புகை. சுற்றுவட்டாரத்தில் அறுவடைத் தாளையும் காட்டுச் சருகையும் எரிப்பார்கள். நகரம் மலைகளுக்கு நடுவில் பள்ளத்தில் கிடப்பதால் புகைக்குப் போக வழியில்லை. ஊருக்குக் காவல் நிற்பது போலிருக்கும் தொய் சுதெப் மலை ஒரு காலையில் காணாமல் போகும். வாடகை அந்த மாதங்களில் மளமளவென்று இறங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மார்ச்சில் வந்து இறங்கி, தொண்டை கட்டிக்கொண்டு மருந்துக் கடையில் நிற்கும் புதுமுகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தெற்கே தீவுகளுக்குப் போய்விடலாம். அங்கேயே இருந்து அந்தக் காற்றைச் சுவாசிக்கிறவர்கள் இட்லிக்கடை ஆயா மாதிரி எனக்குக் காலையில் கஞ்சி ஊற்றித் தந்த பெண்மணியும் அவர் பேத்தியும்.

அந்தக் கஞ்சிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். டெங்குக் காய்ச்சலில் படுத்தபோது இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் பேத்தி வந்து கதவைத் தட்டினாள். பிளாஸ்டிக் பையில் சூடான ‘ஜோக்’ கஞ்சி, இன்னொரு பையில் இளநீர். இறைச்சி போடாத கஞ்சி. எனக்கு ஆகாது என்பது அவர்களுக்கு நினைவிருந்திருக்கிறது. அந்தப் பெண்ணே வண்டியில் உட்காரவைத்து ரத்தப் பரிசோதனைக்கும் கூட்டிப்போனாள். தனியாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு கடைக்குத் தினமும் ஒரே நேரத்தில் போங்கள். நாம் வராத நாளைக் கவனிக்க ஊரில் ஓர் ஆளாவது வேண்டும்.

பினாங்கில் அந்த ஏற்பாடு தானாகவே அமைந்துவிட்டது. ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவை ஒட்டி அறை எடுத்திருந்தேன்; குயின் தெரு மாரியம்மன் கோயில் மணி காதில் விழும் தூரம். காலையில் கடைக்குப் போனால் கல்லாவிலிருப்பவர் “பசியாறியாச்சா தங்கச்சி?” என்பார். பினாங்கிலே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் வந்த குடும்பம், ஊரைப் பார்த்ததில்லை. தோசையைக் கட்டிக்கொடுக்கச் சொன்னால் “தப்பாவா?” என்பார். முதல் வாரத்தில் எல்லா விசாரணையும் முடிந்துவிட்டது. எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, சம்பளம் ரிங்கிட்டில் எவ்வளவு வரும். திபிலிசியில் மூன்று மாதத்தில் யாரும் கேட்காதவை. எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் மீட்டிங் முடிந்து இரவு பன்னிரண்டுக்கு மோர் வாங்கப் போனால், பையனை எழுப்பி “அக்காவ வீட்டு வாசல் வரைக்கும் வுட்டுட்டு வாடா” என்று அனுப்பியதும் அதே ஆள்தான். தனிமை வேண்டுமா, கவனிப்பு வேண்டுமா என்று என்னைக் கேட்டால் மாதத்துக்கு ஒரு பதில் சொல்வேன்.

தனியாகப் போகிற பெண் என்பதால் என் கணக்கில் சில செலவுகள் கூடுதல். புது ஊரில் பகலில்தான் இறங்குவேன், இரவு விமானம் மலிவாக இருந்தாலும். முதல் மூன்று இரவு ஓட்டல். அந்த இடைவெளியில் வீட்டை நேரில் பார்த்து, தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்து, இரவு பத்து மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்கிறது என்று நடந்து பார்த்த பிறகுதான் முன்பணம். தரைத்தளம் வேண்டாம். இந்தச் செலவுகளை எந்தப் பயணக் கணக்கிலும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை, பெண்கள் எல்லோரும் கட்டிக்கொண்டிருக்கிறோம். விமான நிலையத்தில் “தனியாவா? யாரைப் பார்க்க?” என்று ஒரு நாட்டு அதிகாரி என்னைத் தனி அறையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டார். கோப்பைத் தந்தேன். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, என் கவரிங் லெட்டர் தெளிவாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

வாடகை பற்றிச் சொல்ல வேண்டும், நம்மாட்கள் இதைத் தொடுவதே இல்லை. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா கிடைத்து லிஸ்பனுக்குப் போனபோது வேலையை எடுத்துச் செல்லவில்லை, விடுமுறையாகவே போனேன். அல்ஃபாமாவின் குறுகலான படிக்கட்டுத் தெருக்களில் கதவுக்குக் கதவு எண்பூட்டு தொங்கியது, விருந்தினர் சாவி எடுக்கிற பெட்டி. குடியிருந்தவர்கள் எங்கே? 2022 அக்டோபரில் போர்ச்சுகல் இணையத் தொழிலாளர்களுக்கென்று விசா தொடங்கியது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நாலு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். அந்தக் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். பேக்கரியில் ரொட்டி எடுத்துத் தருகிறவரைப் போல நாலு பங்கு சம்பாதிக்கிற ஆளை, அவருடைய தெருவுக்கே வாடகைக்கு அழைத்து வருகிறார்கள். 2023 ஏப்ரல் 1 அன்று லிஸ்பனில் ஆயிரக்கணக்கானோர் வீட்டு உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். 2025 ஜூலையில் மெக்சிகோ நகரத்தில், வெளிநாட்டவர் குவியும் கொண்டேசா, ரோமா பகுதிகளில் நடந்த ஆர்ப்பாட்டம் கல்வீச்சுவரை போனது. வீட்டுப் பற்றாக்குறைக்கு எங்களை மட்டும் காரணம் சொல்வது சரியில்லை. வட்டி, முதலீட்டாளர்கள், கட்டாத அரசு வீடுகள் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் டாலரில் சம்பாதித்து ஜார்ஜியாவின் லாரியிலோ தாய்லாந்தின் பாட்டிலோ வாடகை கொடுக்கும்போது, ‘எவ்வளவு மலிவு!’ என்று என் வாய் சொல்கிற தொகை பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளமாக இருக்கலாம். சுற்றுலா வாடகைக்கென்றே காலி செய்த வீடுகளை விட்டு, வீட்டுக்காரரே உடனிருக்கும் வீட்டில் ஓர் அறையோ மாடியோ எடுக்கிறேன். இதனால் லிஸ்பன் பிரச்சினை தீர்ந்துவிடாது, தெரியும்.

‘நானும் இப்படிக் கிளம்பலாமா’ என்று கேட்கிற பிள்ளைகளுக்கு, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பாதே, வேலையோடு கிளம்பு என்கிறேன். முதலில் பாஸ்போர்ட் தேவைப்படாத ஓர் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். பாண்டிச்சேரியோ மைசூரோ போதும். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணியைத் தனியாகத் தாண்ட முடிகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். நிறுவனத்துக்குத் தெரியாமல், ஊரில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு வெளிநாட்டில் உட்காருவது வேண்டவே வேண்டாம். வரி, தகவல் பாதுகாப்பு, ஒப்பந்தம் என்று பல முடிச்சு அதில் இருக்கிறது. மாட்டினால் வேலையே போகும்.

அடுத்து தா நாங். வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் மின்விசா தருகிறது; ஒருமுறை நுழைய 25 டாலர், எல்லாம் இணையத்திலேயே. கடல், மலை, சியாங் மாயின் அதே நேரக் கணக்கு. இந்த முறை இரண்டு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், அம்மாவும் வருகிறாள். வீட்டுக்காரருக்கு நாற்காலி, ரௌட்டர் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, கொடி கட்டித் துணி காயப்போட இடம் இருக்கா, அதையும் கேளு என்றாள். கேட்டேன். மொட்டை மாடியின் படம் வந்தது, கொடியோடு.